விட்டாச்சு

பட்டறையில் அவனுக்குப் பெயர் கீறல். பதினைந்து வருடமாகக் கண்ணாடி வெட்டியும் உடம்பில் ஒரு கீறல்கூட வாங்காதவன் என்பதால் வைத்த பெயர். அங்கே பெயர் வைப்பதெல்லாம் அப்படித்தான். வாயே திறக்காத ஒருவருக்கு ரேடியோ என்று பெயர். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவருக்குக் குதிரை. கீறல் அந்தப் பெயரைப் பதக்கம்போல் மாட்டிக்கொண்டு திரிந்தான். புதிதாக யார் வந்தாலும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி, "பாத்துக்கங்க, பத்து விரல், பத்தும் முழுசு" என்பான். அலட்டல்தான். ஆனால் கண்ணாடி வெட்டுகிறவன் அலட்டிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

பட்டறைக்கு ஒரே ஒரு சட்டம். கண்ணாடி கையை விட்டுப் போனால் போனதுதான், பிடிக்கக் கூடாது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும், ஓர் அடி பின்னால் போக வேண்டும், "விட்டாச்சு!" என்று கத்த வேண்டும். கத்துவது மற்றவர்களுக்காக. அந்தச் சத்தம் கேட்டதும் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் விழுகிற எதையும் பிடிக்கப் பாய்வதுதான் கையின் புத்தி. அந்தப் புத்தியை மாற்ற மேஸ்திரி புதியவர்களை மூன்று மாதம் படுத்தி எடுப்பார். டீ குடித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பலகைத் துண்டை மேசையிலிருந்து தட்டிவிடுவார். கை முன்னால் நீண்டால் அன்றைக்கு முழுக்க விளக்குமாறுதான். கீறலின் கை ஆறாவது வாரமே மேலே போனது. இன்றுவரை அதை யாரும் முறியடிக்கவில்லை.

அந்தக் கைதான் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவனைத் தலைகுனிய வைத்தது.

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தான். மனைவி சாப்பாட்டு மேசைமேல் விரிப்பைப் போட்டு, பத்து மாதப் பெண்ணைப் படுக்கவைத்துத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். குழந்தையை வீட்டில் பொடிசு என்று கூப்பிடுவார்கள். இரும்பு முனை வைத்த பட்டறை பூட்ஸை அவன் எப்போதும் வாசலிலேயே கழற்றிவிடுவான். அன்றைக்குப் பொடிசு அவனைப் பார்த்து இருக்கிற இரண்டு பல்லையும் காட்டிச் சிரித்துவிட்டாள். பூட்ஸாவது ஒன்றாவது, அப்படியே உள்ளே போய்விட்டான்.

"ஒரு நிமிஷம் பாத்துக்கங்க, துண்டு எடுத்துட்டு வந்துடறேன்" என்று மனைவி உள்ளே போனாள்.

பொடிசு அப்பாவைப் பார்த்துப் புரண்டாள். இன்னொரு முறை புரண்டாள். மேசை அங்கே முடிந்தது.

கீறலின் இரண்டு கையும் தலைக்கு மேலே போயின. கால் ஓர் அடி பின்னால் வைத்தது. வாய், "விட்டாச்சு!" என்று கத்தியது.

மனைவி ஓடி வந்தபோது குழந்தை கீழே கிடந்தது. மடித்து வைத்திருந்த துணிக் குவியல்மேல் பாதி, தரையில் பாதி. புருஷன் திருடர்களிடம் மாட்டிக்கொண்டவன்போல் கையைத் தூக்கி நின்றான். ஒரு கணம் வீட்டில் சத்தமே இல்லை. பிறகு பொடிசு வீல் என்று அலறினாள். அந்த அலறலைக் கேட்ட பிறகுதான் இருவருக்கும் உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒன்றும் இல்லை என்றார்கள். விழும்போது குழந்தை தானாகவே இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஊன்றியிருக்கிறது, அதனால் தலையில் வேகம் குறைந்துவிட்டது, நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கம் மட்டும்தான் என்று டாக்டர் சொன்னார். பத்து மாதக் குழந்தைக்குக் கையை நீட்டத் தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லையே என்று கீறல் வெட்கினான். திரும்பும்போது வாடகைக் காரில் மனைவியின் கண் சாலையிலேயே இருந்தது. அவள் பஸ் ஓட்டுகிறவள். யார் வண்டியில் உட்கார்ந்தாலும், முன்னால் எதாவது குறுக்கே வந்தால், அவள் வலது கால் தரையை அழுத்தும். அன்றைக்கு வழி நெடுக அழுத்திக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூங்கவைத்த பிறகு சொன்னாள்.

"விழுந்ததுகூடப் பரவாயில்ல. எந்தக் குழந்தைதான் விழல? விட்டாச்சுன்னு கத்துனீங்களே, அதுதான் என் காதை விட்டுப் போக மாட்டேங்குது."



விஷயம் அதோடு நிற்கவில்லை. பதினோரு நாளில், ஒரு திங்கட்கிழமை, அவள் பேறுகால விடுப்பு முடிகிறது. காலை வண்டி அவளுக்கு, மதிய ஷிப்ட் அவனுக்கு, காலை முழுக்கப் பொடிசை அவன் பார்த்துக்கொள்வது என்று மூன்று மாதம் முன்பே பேசி முடித்த ஏற்பாடு. அன்றைக்கு வராவிட்டால் அந்த வழித்தடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று டிப்போவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆறு வருடம் காத்திருந்து வாங்கிய வழித்தடம் அது.

மறுநாள் கீறல் மெல்ல ஆரம்பித்தான். "நீ இன்னும் ஒரு வருஷம் லீவு கேட்டுப் பாரேன். என் கைமேல எனக்கே நம்பிக்கை இல்ல."

"உங்க கையை நம்பாதது நீங்க. அதுக்கு என் வண்டி எதுக்கு நிக்கணும்?"

"திரும்பவும் அப்படி ஆச்சுன்னா?"

"ஆகாம பாத்துக்கறதுக்கு என்ன வழியோ அதைப் பாருங்க. திங்கக்கிழமை நான் போறேன்." குழந்தையை அவன் மடியில் உட்காரவைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். கீறல் அந்தக் கால் மணி நேரமும் பொடிசை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, மூக்கு அரித்தும் சொறியாமல், தரையிலேயே உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை அவனுடைய கொழுந்தியாள் வந்தாள். ஆஸ்பத்திரியில் நரம்புப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவள். அக்கா போனில் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்க வேண்டும். வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து ரப்பர் சுத்தியலை எடுத்தாள்.

"காலைத் தொங்கப் போடுங்க மாமா."

"விழுந்தது உன் அக்கா பொண்ணு. என்னை எதுக்கு அடிக்கிற?"

"அடி வாங்கவேண்டியது யாருன்னு எனக்குத் தெரியாதா? போடுங்க."

முட்டிச் சிப்பிக்குக் கீழே ஒரு தட்டு. கால் விசுக்கென்று எகிறி எதிரே இருந்த முக்காலியைச் சாய்த்தது. பொடிசு கைதட்டினாள்.

"இப்போ தட்டு பாப்போம், அசையவிட மாட்டேன்" என்று கீறல் பல்லைக் கடித்துக்கொண்டான். கால் முன்னைவிட உயரமாக எகிறியது.

"பல்லைக் கடிச்சா இன்னும் நல்லாதான் உதைக்கும்" என்று அவள் சிரித்தாள். "நான் தட்டினதும் தொடைத் தசை ஒரு நூல் இழுபட்டுச்சு. அந்தச் சேதி நரம்பு வழியா முதுகுத் தண்டுவடத்துக்குப் போச்சு. அங்கேயே உத்தரவு வாங்கிட்டுத் திரும்பிடுச்சு. மேல தலைமை ஆபீசுக்குத் தகவல்தான் போகும், அனுமதி கேட்டுப் போகாது. உங்களுக்குத் தெரியறதுக்குள்ள கால் வேலையை முடிச்சிருக்கும். அனிச்சைச் செயல்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்களே?"

"சூடான பாத்திரத்தைத் தொட்டா கை வருமே, அது."

"அதேதான். ஆணியை மிதிச்சா?"

"கால் மேல வரும்."

"இன்னொரு கால்?"

"அது சும்மா இருக்கும்."

"சும்மா இருந்தா தடால்னு விழுந்துடுவீங்க. அந்தக் கால் விறைச்சு நின்னு மொத்த உடம்பையும் தாங்கும். ஒரு காலை இழுன்னு சொல்லும்போதே இன்னொரு காலைத் தாங்குன்னு தண்டுவடம் சொல்லிடும். உங்களை மாதிரி யோசிச்சுட்டு நிக்காது."

கீறலுக்கு அது பிடித்திருந்தது. யாரும் கேட்காமலே ஒரு கால் இன்னொரு காலுக்காக நிற்கிறதாம். ஆனால் தன் வழக்கு இன்னும் தீரவில்லை. "என் கையும் என்னைக் கேக்காமதானே மேல போச்சு? அப்போ அதுவும் இதுதானே? மாத்தவே முடியாதுன்னு சொல்லிடு."

"கேக்காம போறதெல்லாம் ஒண்ணு இல்ல மாமா. முட்டி உதைக்கறது பிறக்கும்போதே வந்தது. கையைத் தூக்கிப் பின்னால போறது உங்க மேஸ்திரி சொல்லிக் குடுத்தது. அது தண்டுவடத்துல இல்ல, மூளையில இருக்கு. அக்கா அடுத்தவங்க கார்ல பிரேக் போடறாளே, அந்தச் சாதி. பழக்கின ஒண்ணை இன்னொண்ணைப் பழக்கி மாத்தலாம்." பிறகு மாமனைச் சீண்டாமல் இருக்க முடியாமல் சேர்த்துக்கொண்டாள். "பிறந்த அன்னைக்கு இவ உங்க விரலைக் கெட்டியா பிடிச்சான்னு ஊர் முழுக்கச் சொன்னீங்களே, அதுகூட அனிச்சைதான்."

"போம்மா. அப்பான்னு தெரிஞ்சு பிடிச்சா."

"பென்சிலை வச்சிருந்தாலும் பிடிச்சிருப்பா. எல்லாக் குழந்தையும் பிடிக்கும்."

இது கொஞ்சம் அநியாயம் என்று கீறலுக்குப் பட்டது. பத்து மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஒரே வாக்கியத்தில் பிடுங்கிக்கொண்டாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

"பிறந்து ஆறு மாசத்துக்குள்ள அது தானா போயிடும் மாமா. மூளை வளர்ந்து அதை அடக்கிடும். இப்போ இவ எதைப் பிடிச்சாலும், அது வேணும்னு பிடிக்கிறா" என்றாள்.

அவள் போன பிறகு கீறல் வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தான். அவன் மந்தமான ஆள் இல்லை. ஒரு பெரிய கண்ணாடியில் எந்த மூலையிலிருந்து வெட்டினால் எத்தனை துண்டு தேறும் என்று பார்த்த பார்வையிலேயே சொல்கிறவன். இதற்கு முன்னால் வீட்டில் எத்தனையோ சாமான் விழுந்திருக்கிறது. கரண்டி விழுந்தபோது பிடித்திருக்கிறான், தலையணை விழுந்தபோது பிடித்திருக்கிறான். கை ஒரு தரம்கூட மேலே போனதில்லை. வியாழக்கிழமை மட்டும் என்ன கேடு? அப்போதுதான் எதிரே, கதவோரம் இருந்த பூட்ஸ் கண்ணில் பட்டது.

"டிரைவர்! இங்க வா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். சந்தோஷம் வந்தால் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். "காலில பூட்ஸ் இருந்துச்சு. நான் வீட்டுக்குள்ள வந்தேன், என் மூளை இன்னும் பட்டறையிலேயே நின்னுட்டு இருந்துச்சு!"

அவள் பூட்ஸையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். "அப்போ வாசல்ல கழட்டும்போது அதையும் சேர்த்துக் கழட்டி வைங்க" என்றாள். ஆனால் அவள் குரலில் இரண்டு நாளாக இருந்த இறுக்கம் இல்லை.

சந்தேகத்தை நிச்சயமாக்க வேண்டும் அல்லவா? அவனுடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைத் தைத்து, உள்ளே எட்டரைக் கிலோ அரிசியைப் போட்டு ஒரு பொம்மை செய்தாள். எட்டரை, பொடிசின் எடை. கீறல் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றான். அவள் சொல்லாமல் கொள்ளாமல் பொம்மையை மேசையிலிருந்து உருட்டிவிட்டாள். கை மேலே போனது, "விட்டாச்சு!" பொம்மை தொம்மென்று விழுந்தது. வெறுங்காலோடு நின்றான். கை பாதி வழி மேலே போய், என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

"பாத்தியா, குழம்புது" என்றான் வெற்றியோடு.

"குழம்பினா போதுமா? பிடிக்கணும்."

அன்றிலிருந்து வீட்டில் அரிசி மழைதான். அவன் பேப்பர் படிக்கும்போது உருட்டினாள். போன் பேசும்போது உருட்டினாள். ஷேவ் செய்துகொண்டிருந்தபோது உருட்டி, பாதி மீசை போயிற்று. எப்போதும் வெறுங்கால், எப்போதும் எட்டரைக் கிலோ. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று நாசூக்காகக் கேட்டார். "இல்ல சார், புருஷனுக்குப் பயிற்சி குடுக்கறேன்" என்று அவள் சொன்னதும் மேற்கொண்டு கேட்காமல் இறங்கிவிட்டார். செவ்வாய்க்கிழமை முதல் தடவையாகப் பிடித்தான். புதன்கிழமை பத்தில் நாலு. வெள்ளிக்கிழமை உருட்டிய பன்னிரண்டையும் பிடித்தான். பொடிசு அந்தப் பொம்மையின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, அதைத் தங்கச்சியாகவே ஏற்றுக்கொண்டுவிட்டாள்.

சேதி எப்படியோ பட்டறைக்கும் போய்விட்டது. சனிக்கிழமை மேஸ்திரி வெட்டும் மேசைக்கே வந்தார்.

"யோவ் கீறல், வீட்டுல பிடிக்கப் பழகறியாமே? இங்க வந்து பிடிச்சா பத்து விரல் ஆறு விரலாயிடும். கை முன்னால நீண்டுச்சுன்னா உன்னைப் பேக்கிங்குக்குத் தள்ளிடுவேன், பாத்துக்கோ."

சொல்லி முடிக்கும் முன்பே அவர் முழங்கை ஒரு பலகைத் துண்டைத் தட்டிவிட்டது. ரேடியோவும் குதிரையும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பூட்ஸ் போட்ட கால் ஓர் அடி பின்னால் போனது, கைகள் தலைக்கு மேலே நின்றன, "விட்டாச்சு!" என்ற சத்தம் கூரையில் பட்டுத் திரும்பியது. மேஸ்திரி மூன்று முறை தட்டிப் பார்த்தார். மூன்று முறையும் அதேதான்.

"இது இங்க, அது அங்க மேஸ்திரி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கதவு இருக்கு" என்றான் கீறல். ரேடியோகூட, "பலே" என்று ஒரு வார்த்தை பேசினார்.

ஆனால் பொம்மை பொம்மைதான், பெண் பெண்தான். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். 

திங்கட்கிழமை காலை அவள் சீருடை போட்டுக்கொண்டு, பொடிசின் நெற்றியில் முத்தம் கொடுத்து அவன் இடது கையில் உட்காரவைத்தாள். வீக்கம் இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் தெரியவில்லை.

"போயிட்டு வரேன்."

"தைரியமா போ. பிரேக்கை உன் வண்டியில மட்டும் போடு."

அவள் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். படியிறங்கும் ஷூ சத்தம் கேட்டது. கீறல் சமையலறைக்குப் போய் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்தான். ஜன்னல் வழியாக வந்த வெயில் டம்ளரில் விழுந்து சுவரெல்லாம் ஆடியது. பொடிசு அதைப் பார்த்தாள். அது தனக்கு வேண்டும் என்று அந்தக் கணமே முடிவு செய்து, உடம்பை மொத்தமாக டம்ளரை நோக்கி எறிந்தாள்.

இடது கையிலிருந்து எட்டரைக் கிலோ நழுவியது.

முதல் மாடித் திருப்பத்தில் இறங்கிக்கொண்டிருந்தவளுக்கு மேலேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

"விட்டாச்சு!"

உடனே ஏதோ சிதறுகிற சத்தம். அவள் வலது கால் படியை அப்படியே அழுத்திக்கொண்டு நின்றுவிட்டது. அடுத்த கணம் பையைப் போட்டுவிட்டு மேலே ஓடினாள். எத்தனை படி தாவினாள் என்று அவளுக்கே தெரியாது. சீருடைப் பையிலிருந்து சாவி சட்டென்று கைக்கு வரவில்லை. திறந்து சமையலறை வாசலுக்கு ஓடினாள்.

தரை முழுக்கத் தண்ணீர், கண்ணாடித் துண்டுகள். நடுவில் கீறல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். இடது கால் மேலே தூக்கியிருந்தது, பாதத்திலிருந்து இரத்தம் சொட்டியது. வலது கால் நட்ட தூண்போல் ஆடாமல் நின்றது. இரண்டு கையும் நெஞ்சோடு பொடிசை இறுக்கிக்கொண்டிருந்தன. பொடிசு அப்பாவின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே மினுக்கிய துண்டுகளை ஆசையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முதலில் பொடிசைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"எதை விட்டீங்க?"

"டம்ளரை."

அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, இரண்டையும் அடக்கவில்லை. ஷூ போட்ட காலோடு துண்டுகளை மிதித்து வந்து, முக்காலியை இழுத்து அவனை உட்காரவைத்தாள். பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஆழமில்லை, ஒரு விரல் நீளக் கீறல்.

"பதினஞ்சு வருஷத்துல முதல் வெட்டு" என்றான் அவன், பரிசு வாங்கியவன்போல். "எப்படி நடந்துச்சுன்னு கேக்காதே. நான் ஒண்ணுமே பண்ணல. கையைப் பாத்தா இவ இருந்தா. காலைப் பாத்தா ரத்தம். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் எனக்கே தகவல் வந்துச்சு."

அவள் பாதத்தைத் துணியால் கட்டினாள். விளக்குமாற்றை எடுக்கப் போனவளை அவன் தடுத்தான். கண்ணாடி பெருக்குவது அவன் தொழில். அதில் யாரையும் விடமாட்டான்.

"பூட்ஸை எடுத்துக் குடு, நான் பெருக்கிக்கறேன். முதல்ல இவளைத் தொட்டில்ல விட்டுடு" என்றான். "உன் வண்டிக்கு நேரமாச்சு, கிளம்பு."

பொடிசைத் தொட்டிலில் விட அவள் கையை நீட்டினாள். பொடிசு வர மறுத்தாள். காலரைப் பிடித்த பிடியை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு விரலைப் பிரித்தால் இன்னொரு விரல் போய்ப் பிடித்துக்கொண்டது.

"இது அனிச்சை இல்லையே?" என்று கீறல் கேட்டான்.

"இல்ல" என்றாள் அவள்.